கட்டுவது 7.5 லட்சம், வருவது 15 லட்சம்: இதில் வட்டி எவ்வளவு?

குழந்தை பிறந்த வீட்டுக்குச் சில வாரங்களிலேயே ஆயுள் காப்பீட்டு பாலிசி ஒன்றை விளக்கும் காகிதம் வந்து சேரும். கொண்டுவருபவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ, நன்றாகத் தெரிந்தவராகவோ இருப்பார். “வருஷத்துக்கு 50,000 ரூபாய். 15 வருஷம் கட்டினால் போதும். 20 வருஷம் முடிந்ததும் 15 லட்சம் கைக்கு வரும். போட்டது ஏழரை லட்சம், வருவது ரெண்டு மடங்கு. பிள்ளை காலேஜ் படிப்புக்கு ஆச்சு” என்று சொல்வார்.

அவர் சொன்ன எண்கள் எதிலும் பொய் இல்லை. ஆனால் முடிவெடுக்கத் தேவையான ஓர் எண் அதில் இல்லை. நம் பணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்பதுதான் அது. கேட்டுப் பார்த்தால் ஆளுக்கொரு பதில் வரும். இரண்டு மடங்கு ஆகிறதே, பத்து சதவீதமாவது இருக்கும் என்பார் ஒருவர். நூறு சதவீத லாபத்தை 20 வருடத்தால் வகுத்து 5 சதவீதம் என்பார் இன்னொருவர். போனஸ் ஆயிரத்துக்கு 45 ரூபாய், ஆகவே 4.5 சதவீதம் என்பவர்களும் உண்டு. மூன்று கணக்குமே தவறு.

சரியான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, அதைக் கல்லூரிக் கட்டணத்தோடு எப்படி ஒப்பிடுவது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக இங்கே விளக்குகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். 50,000, 15 வருடம், 15 லட்சம் என்பவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், எந்த நிறுவனத்தின் திட்டமும் அல்ல. உங்களுக்கு வந்த காகிதத்தில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

தூரம் வேறு, வேகம் வேறு

சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். ஒரு பேருந்து மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் சொன்னால், அது வேகமாகப் போனதா உருட்டிக்கொண்டு போனதா என்று தெரியாது. எட்டு மணி நேரத்தில் போனதா, இருபது மணி நேரத்திலா என்று கேட்டாக வேண்டும்.

‘இரண்டு மடங்கு’ என்பது தூரம். ‘20 வருடம்’ என்பது நேரம். இரண்டையும் சேர்த்தால்தான் வேகம் கிடைக்கும். பணத்தின் வேகத்துக்குப் பெயர் ஆண்டு வட்டி விகிதம். இரண்டு திட்டங்களை ஒப்பிட வேண்டுமானால் வேகத்தை வைத்துத்தான் ஒப்பிட முடியும். ஒன்று 12 வருடத்தில் முடியும், இன்னொன்று 20 வருடத்தில் முடியும். ஒன்றில் மொத்தமாகப் போடுகிறோம், இன்னொன்றில் தவணையாக. கடைசியில் வரும் தொகையை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது.

72-ஐ வகுத்துப் பாருங்கள்

கூட்டு வட்டி என்றால் வட்டிக்கும் வட்டி சேர்வது. ஒரு லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் முதல் வருடம் 8,000 சேரும். அடுத்த வருடம் 1,08,000-க்கு வட்டி கணக்கிடுவார்கள், 8,640 சேரும். இப்படியே போனால் எத்தனை வருடத்தில் பணம் இரண்டு மடங்காகும்? 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட சரியான விடை வரும். 8 சதவீதம் என்றால் 9 வருடம். 6 சதவீதம் என்றால் 12 வருடம்.

இதைத் திருப்பியும் போடலாம். மொத்தமாகப் போட்ட பணம் 20 வருடத்தில் இரண்டு மடங்கானால் 72-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும். 3.6 வருகிறது. அதாவது ஆண்டுக்கு மூன்றரைச் சதவீதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நூறை இருபதால் வகுத்து 5 சதவீதம் என்று சொன்னவர் தவறிய இடம் இது. வட்டிக்கு வட்டி சேர்வதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படியென்றால் நம் பாலிசியின் வட்டி 3.6 சதவீதமா? அதுவும் இல்லை. நாம் ஏழரை லட்சத்தையும் முதல் நாளே கொடுத்துவிடவில்லையே.

தவணையாகக் கட்டும்போது

முதல் தவணை 50,000 ரூபாய் 20 வருடமும் உள்ளே இருக்கிறது. இரண்டாவது தவணை 19 வருடம் இருக்கிறது. கடைசி, அதாவது 15-வது தவணை 6 வருடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு தவணையும் வேறு வேறு காலம் உழைக்கிறது. 20, 19, 18 என்று 6 வரை வரும் எண்களின் சராசரி 13. அப்படியானால் நம் பணம் சராசரியாக 13 வருடத்தில் இரண்டு மடங்காகிறது. 72-ஐ 13-ஆல் வகுத்தால் 5.5 வருகிறது.

இது கைக்கணக்கு. துல்லியமாகப் போட்டால் 5.3 சதவீதம் வரும். கைக்கணக்கே இவ்வளவு பக்கத்தில் வந்துவிடுவதால், ஏஜென்ட் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே மனதுக்குள் போட்டுப் பார்த்துவிடலாம்.

இந்த 5.3 சதவீதத்துக்கு நிதித் துறையில் உள் ஈட்டு விகிதம் என்று பெயர். சுருக்கமாக ஐ.ஆர்.ஆர். என்பார்கள். அதன் பொருள் சுலபமானது: நாம் கட்டிய ஒவ்வொரு தவணையும் எந்த ஒரே வட்டி விகிதத்தில் வளர்ந்திருந்தால் கடைசியில் அந்த முதிர்வுத் தொகை வந்திருக்குமோ, அந்த விகிதம். 5.3 சதவீதத்தில் முதல் தவணை 20 வருடத்தில் சுமார் 1.40 லட்சமாகிறது. கடைசித் தவணை 6 வருடத்தில் சுமார் 68,000 ஆகிறது. நடுவில் உள்ளவற்றையும் சேர்த்து 15 தவணைகளையும் கூட்டினால் 15 லட்சம் வருகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எத்தனை மடங்கு என்பதை மட்டும் வைத்து ஒரு திட்டத்தை எடை போட முடியாது. பணம் சராசரியாக எத்தனை வருடம் உள்ளே இருக்கிறது என்று பார்த்து, ஆண்டு விகிதமாக மாற்ற வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்த விகிதம் 5.3 சதவீதம்.

‘ஆயிரத்துக்கு 45 ரூபாய் போனஸ்’ என்றால்

பாலிசி பற்றிய பேச்சில் அதிகம் குழப்புவது போனஸ்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

காப்புத் தொகை என்பது பாலிசிதாரர் இறந்தால் கொடுப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டுள்ள அடிப்படைத் தொகை. நம் எடுத்துக்காட்டில் அது 7.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் நிறுவனம் லாபத்தில் ஒரு பங்கை போனஸாக அறிவிக்கிறது. ஆயிரத்துக்கு 45 என்றால், காப்புத் தொகையில் உள்ள ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 45 ரூபாய். 7.5 லட்சத்தில் 750 ஆயிரங்கள். அப்படியானால் ஆண்டுக்கு 33,750 ரூபாய்.

கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. 50,000 கட்டுகிறோம், 33,750 போனஸ் போடுகிறார்களே என்று தோன்றும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தத் தொகையை இப்போது கையில் கொடுப்பதில்லை. கணக்கில் எழுதிவைத்து, பாலிசி முடியும்போதுதான் கொடுப்பார்கள். இரண்டாவது, இந்த வகைப் போனஸில் எழுதிவைத்த தொகைக்கு வட்டி கிடையாது. முதல் வருடம் எழுதிய 33,750 இருபது வருடம் கழித்தும் அதே 33,750-தான். நான் மேலே சொன்ன வட்டிக்கு வட்டி என்ற பேச்சே இங்கு இல்லை.

20 வருடப் போனஸ் 6.75 லட்சம். காப்புத் தொகை 7.5 லட்சம். கடைசியில் இறுதிப் போனஸ் என்று 75,000 கொடுக்கிறார்கள் என்று வைத்தால் மொத்தம் 15 லட்சம். ஏஜென்ட் சொன்ன தொகை வந்துவிட்டது, அதற்குள் ஒளிந்திருந்த வேகமும் தெரிந்துவிட்டது.

இன்னொரு குழப்பம் அச்சடித்த காகிதத்திலேயே இருக்கிறது. போனஸ் தரும் பாலிசிகளுக்கு, முதலீட்டில் 4 சதவீதம் கிடைத்தால் என்ன வரும், 8 சதவீதம் கிடைத்தால் என்ன வரும் என்று இரண்டு கணக்குகளைக் காட்ட வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பலர் 8 சதவீதம் என்ற பத்தியைப் பார்த்துவிட்டு நமக்கு 8 சதவீதம் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த 8 சதவீதம் நிறுவனம் தன் முதலீட்டில் ஈட்டுவதாக வைத்துக்கொண்ட விகிதம். அதிலிருந்து ஏஜென்ட் கமிஷன், நிர்வாகச் செலவு, உயிர்க் காப்புக்கான செலவு எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு. நமக்கு எவ்வளவு என்று தெரிய, அந்தப் பத்தியில் உள்ள முதிர்வுத் தொகையை எடுத்து ஐ.ஆர்.ஆர். போட்டுப் பார்க்க வேண்டும்.

உயிர்க் காப்பையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும், அதை ஒதுக்கிவிட்டு வட்டியை மட்டும் பேசினால் நியாயமாகாது. குழந்தைகளுக்கான பாலிசிகள் சிலவற்றில், கட்டும் பெற்றோர் இறந்துவிட்டால் மீதித் தவணைகளை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் வசதி உண்டு. சம்பாதிப்பவர் ஒருவரே என்ற குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் 7.5 லட்சம் காப்பு ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் தாங்கும்? முதிர்வுத் தொகை எதுவும் இல்லாமல் உயிர்க் காப்புக்கு மட்டுமே கட்டும் டேர்ம் பாலிசியில், இளம் வயதுப் பெற்றோருக்கு இந்த 50,000-இல் ஒரு சிறு பகுதியைக் கட்டினாலே இதைவிடப் பல மடங்கு காப்பு கிடைக்கும். காப்பை அங்கே வாங்கிக்கொண்டு, சேமிப்பைத் தனியாக வைப்பதுதான் என் பரிந்துரை. இரண்டையும் ஒரே பாலிசியில் கலக்கும்போது காப்பும் குறைகிறது, சேமிப்பின் வேகமும் குறைகிறது.

கட்டணம் எந்த வேகத்தில் போகிறது

நம் பணம் போகும் அதே சாலையில் முன்னால் இன்னொரு வண்டி போய்க்கொண்டிருக்கிறது. அதுதான் படிப்புச் செலவு. நாம் என்ன வேகத்தில் போகிறோம் என்பதோடு அது என்ன வேகத்தில் போகிறது என்பதும் தெரிய வேண்டும்.

செய்தியில் வரும் பணவீக்கம், அதாவது பொருட்களின் விலை பொதுவாக ஏறும் விகிதம், இதற்குப் போதாது. ரிசர்வ் வங்கி அதை 4 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது இலக்கு. பணவீக்கத்தை அளக்கப் பயன்பட்ட, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் கல்விக்குக் கொடுத்த பங்கு 4.46 சதவீதம். அரிசி, காய்கறி, வாடகை, துணி என எல்லாம் சேர்ந்த எண் அந்தக் குறியீடு. இரண்டு பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்கவைக்கும் வீட்டின் வரவு செலவில் கல்வியின் பங்கு அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

ஐ.ஐ.டி. பி.டெக். கல்விக் கட்டணத்தைப் பார்ப்போம். 2008-இல் ஆண்டுக்கு 50,000 ரூபாய் ஆனது. 2013-இல் 90,000. 2016-இல் 2 லட்சம். எட்டு வருடத்தில் நான்கு மடங்கு, அதாவது நான்கு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்கு. 72-ஐ 4-ஆல் வகுத்தால் 18 சதவீதம். எந்த வைப்பு நிதியும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆனால் 2016-க்குப் பிறகு அந்தக் கட்டணம் பல வருடங்கள் அங்கேயே நின்றுவிட்டது. கட்டணங்கள் பொதுவாக இப்படித்தான். சில வருடம் அசையாமல் இருக்கும், பிறகு ஒரே வருடத்தில் தூக்கிவிடுவார்கள். ஆகவே ஓரிரு வருட ஏற்றத்தை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். பத்துப் பதினைந்து வருடத்தை எடுத்துப் பாருங்கள்.

கட்டணம் எல்லோருக்கும் ஒன்று இல்லை என்பதும் முக்கியம். அதே ஐ.ஐ.டி.யில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை வருமானம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பொறியியல் போன்ற படிப்புகளில் கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளையின் படிப்புக்கு ஐம்பது லட்சம் வேண்டும், ஒரு கோடி வேண்டும் என்று பயமுறுத்திப் பாலிசி விற்பது சகஜமாகிவிட்டது. உங்கள் பிள்ளை எந்த வழியில் போகக்கூடும் என்பதைப் பொறுத்து இலக்கு தலைகீழாக மாறும். கலந்தாய்வில் கிடைக்கும் அரசுக் கல்லூரி இடத்துக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கும் நடுவே பல லட்சம் வித்தியாசம். முதலில் இலக்கை எழுதுங்கள், திட்டத்தைப் பிறகு தேடலாம்.

இரண்டு வேகத்தையும் ஒன்றாகப் பார்த்தால்

ஒரு படிப்புக்கு இன்று விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு 8 லட்சம் ஆகிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்றும் வைப்போம். இது அனுமானம்தான், உங்கள் அனுபவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 8 சதவீதத்தில் 9 வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்கு. இன்று பிறந்த குழந்தைக்கு 18 வயதாகும்போது அந்த 8 லட்சம், 16 லட்சமாகி, பிறகு 32 லட்சமாகியிருக்கும்.

நம் பணம் வளரும் விகிதத்திலிருந்து விலை ஏறும் விகிதத்தைக் கழித்தால் கிடைப்பதை உண்மை ஈட்டு விகிதம் என்கிறார்கள். பாலிசிக்கு 5.3, கட்டணத்துக்கு 8. கழித்தால் கிட்டத்தட்ட மைனஸ் 2.7 சதவீதம். ரூபாய்க் கணக்கில் பணம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் அந்தப் பணத்தால் வாங்கக்கூடிய படிப்பு குறைந்துகொண்டே வருகிறது. 20 வருடம் கழித்து வரும் 15 லட்சத்தை இன்றைய கட்டணத்தின் அளவில் சொன்னால் சுமார் 3.2 லட்சம்தான்.

கடைசியாகக் காலக் கணக்கு. குழந்தை பிறந்த வருடமே எடுத்தாலும் 20 வருட பாலிசி முடியும்போது பிள்ளைக்கு 20 வயது, கல்லூரியில் மூன்றாம் ஆண்டை நெருங்கியிருக்கும். சேர்க்கைக் கட்டணம் கட்ட அந்தப் பணம் உதவாது. படிப்புக்கு என்று எடுக்கும் எதுவும் 17 வயதுக்குள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள்.

ஆக, இரண்டு விகிதங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நம் சேமிப்பு வளரும் விகிதம், நாம் நினைத்திருக்கும் படிப்பின் செலவு ஏறும் விகிதம். முதலாவது இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால், எத்தனை மடங்கு ஆனாலும் பற்றாக்குறைதான்.

அதே 50,000-ஐ வேறு இடத்தில் போட்டால்

பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதம் வட்டி. அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதை அறிவிக்கிறது, ஆகவே மாறலாம். இதே விகிதம் நீடிப்பதாக வைத்து, 15 வருடம் ஆண்டுக்கு 50,000 போட்டு, பிறகு 5 வருடம் எடுக்காமல் விட்டால், 20-வது வருட முடிவில் சுமார் 19.1 லட்சம் வரும். பணத்தை ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிட்டால் அந்த மாதத்து வட்டியும் சேரும், ஏனென்றால் 5-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி போடுகிறார்கள்.

பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம். 2015-இல் வந்தது, 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. இதிலும் 15 வருடம்தான் கட்ட வேண்டும். அதே 50,000, அதே விகிதம் என்றால் 20 வருட முடிவில் கணக்கில் சுமார் 22.1 லட்சம் இருக்கும். கணக்கு முதிர்வது 21 வருடத்தில் என்றாலும், பெண்ணுக்கு 18 வயதானதும் அல்லது பத்தாம் வகுப்பு முடித்ததும், மேல்படிப்புக்காக முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். பெண் குழந்தை உள்ள வீட்டில் இந்தக் கணக்கைத் தொடங்காமல் 5 சதவீதப் பாலிசியைத் தொடங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பங்குச் சந்தையில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. வேறு வகை. செயலிகளில் 12 சதவீதம், 15 சதவீதம் என்று போட்டுக் காட்டுவது வெறும் அனுமானம், யாரும் உறுதி கொடுப்பதில்லை. 2008-இல் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் சரிந்தது. 2009-இல் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க முழுப் பணத்தையும் பங்குச் சந்தையில் வைத்திருந்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள். நீண்ட காலத்தில் கட்டணத்தின் வேகத்தை முந்தக்கூடிய வாய்ப்பு பங்கு சார்ந்த முதலீட்டுக்கு இருக்கிறது, அதனால் குழந்தை சிறிதாக இருக்கும்போது ஒரு பகுதியை அதில் வைக்கலாம். பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அந்தப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைப்பு நிதிக்கு மாற்றத் தொடங்கிவிட வேண்டும்.

நகைக்கும் சீட்டுக்கும் இதே அளவுகோல்தான். நகையில் கணக்குப் போடும்போது செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கொடுத்த முழு விலையை எழுதுங்கள். விற்கும்போது அவை திரும்பி வராது.

போனிலேயே போட்டுப் பார்ப்பது

கூகுள் ஷீட்ஸ் இலவசம், போனிலேயே வேலை செய்யும். முதல் பத்தியில் ஒரு கட்டத்துக்கு ஒரு வருடம் என்று மேலிருந்து கீழாக எழுதுங்கள். கட்டும் பணத்துக்கு முன்னால் மைனஸ் போட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் முதல் 15 கட்டங்களில் மைனஸ் 50,000. அடுத்த 5 கட்டங்களில் எதுவும் கட்டவில்லை, ஆகவே பூஜ்யம். 21-வது கட்டத்தில் 15,00,000. அப்புறம் வேறொரு கட்டத்தில் ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரத்தைப் போட்டு இந்த 21 கட்டங்களையும் தேர்ந்தெடுத்தால் விடை வந்துவிடும்.

பூஜ்யம் போட வேண்டிய கட்டங்களைக் காலியாக விட்டுவிடாதீர்கள். காலிக் கட்டங்களை அந்தச் சூத்திரம் கண்டுகொள்ளாது. ஐந்து வருடக் காத்திருப்பு இல்லாததுபோல் கணக்கிட்டு, 5.3 வர வேண்டிய இடத்தில் 8.3 என்று காட்டும்.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள்

இதைப் படித்ததும் பழைய பாலிசியை மூடிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். அதற்கு வேறு கணக்கு இருக்கிறது.

சரண்டர் மதிப்பு என்பது பாலிசியை இன்றே முடித்துக்கொண்டால் நிறுவனம் திருப்பிக் கொடுக்கும் தொகை. பத்து வருடம் கட்டி முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கட்டியது 5 லட்சம். கிளையில் கேட்டபோது சரண்டர் மதிப்பு 4 லட்சம் என்கிறார்கள் என்று வைப்போம். கட்டிய 5 லட்சத்தை இனி கணக்கில் எடுக்கக் கூடாது, எந்த முடிவெடுத்தாலும் அது மாறப்போவதில்லை. அவர் முன்னால் இன்று இருப்பது இதுதான்: மூடினால் கைக்கு வரக்கூடிய 4 லட்சத்தை உள்ளேயே விட்டு, இந்த வருடத்தையும் சேர்த்து இன்னும் ஐந்து தவணை கட்டினால், பத்து வருடம் கழித்து 15 லட்சம்.

இதற்கு ஐ.ஆர்.ஆர். போட்டால் சுமார் 9.4 சதவீதம் வருகிறது. முதலிலிருந்து பார்த்தால் 5.3 சதவீதம் தந்த அதே பாலிசி, இன்றிலிருந்து பார்த்தால் 9 சதவீதத்துக்கு மேல் தருகிறது. தொடக்க வருடங்களில் கமிஷனும் செலவும் போய்விட்டன, நடுவில் மூடினால் அந்த நஷ்டம் முழுவதும் அவர் தலையில் விழும், தொடர்ந்தால் மிச்சப் பயன் அவருக்கே வரும். இவர் மூடாமல் தொடர்வதுதான் நல்லது. இதே பாலிசியை எடுத்து ஓரிரண்டு வருடமே ஆனவருக்கு விடை வேறாக இருக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, புதிய பாலிசிகளில் ஒரு முழு வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு.

மூடுவதற்கும் தொடர்வதற்கும் நடுவே மூன்றாவது வழியும் இருக்கிறது. தவணை கட்டுவதை நிறுத்திவிட்டு, குறைந்த காப்புத் தொகையோடு பாலிசியை அப்படியே விடலாம். இதைப் பெய்டு-அப் என்பார்கள். கிளைக்குப் போகும்போது சரண்டர் மதிப்பு, பெய்டு-அப் மதிப்பு, இதுவரை சேர்ந்த போனஸ் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்றைய சரண்டர் மதிப்பை மைனஸாக முதல் கட்டத்தில் வையுங்கள், இந்த வருடத் தவணை பாக்கி என்றால் அதையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். மீதித் தவணைகளையும் முதிர்வுத் தொகையையும் அதற்குக் கீழே எழுதுங்கள். பெய்டு-அப் வழிக்குத் தனியாக ஒரு பத்தி போட்டு, சரண்டர் மதிப்புக்குக் கீழே தவணைகளுக்குப் பதில் பூஜ்யத்தையும் கடைசியில் பெய்டு-அப் ஆனால் முதிர்வில் வரும் தொகையையும் எழுதுங்கள். வரும் இரண்டு விகிதங்களையும், அந்தப் பணத்தை வெளியே எடுத்தால் நீங்கள் வைக்கப்போகும் பி.பி.எஃப்., செல்வமகள் அல்லது வங்கி வைப்பு நிதியின் வட்டியோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். முடிவு எதுவானாலும், வேறு உயிர்க் காப்பு எடுத்துக் கையில் பத்திரம் வரும்வரை பழையதை நிறுத்தாதீர்கள்.